துனிசியர்களுக்கு ஒரு புதுச்சேரி துபாஷி

அடுத்தவர் திட்டியதை அட்சரம் பிசகாமல் சொல்ல வேண்டும், அதற்குரிய அடியை மட்டும் தான் வாங்காமல் வீடு திரும்ப வேண்டும்: இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கும் துபாஷி வேலை என்பது இவ்வளவுதான்.

நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள், சம்பளம் இல்லாமல். மாமியார் சொன்னதை மருமகளிடமும், வீட்டுக்காரர் சொன்னதைக் குடித்தனக்காரரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்கள். சேர்த்த பிறகு இரண்டு பக்கமும் உங்களைத்தான் முறைத்திருக்கும். ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அறுபதுகளின் நடுவில் பொறியியல் படிக்க மியூனிக் போனேன். அப்போது அந்த ஊருக்கு அடியில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்ட ஆள் போதவில்லை. ஜெர்மன் அரசாங்கம் துனிசியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு அங்கிருந்து ஆட்களை வரவழைத்தது. வந்தவர்களுக்கு அரபு தெரியும், பிரெஞ்சு சுமாராகத் தெரியும். மேஸ்திரிக்கு ஜெர்மன் மட்டும், அதிலும் பவேரியக் கிராமத்து ஜெர்மன் மட்டும் தெரியும். இடையில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் போனேன். என் தோலின் நிறத்தைப் பார்த்த அலுவலகத்தார் நானும் துனிசியன் என்றே நினைத்து, சான்றிதழ்கூடக் கேட்காமல் வேலை கொடுத்துவிட்டார்கள்.

துனிசியர்கள் ஒருவரையொருவர் 'கூயா' என்பார்கள். சகோதரன் என்று பொருள். நான் இங்கே ஆளைப் பார்த்து அண்ணே என்றும் தம்பி என்றும் எழுதுகிறேன். என்னை அவர்கள் அழைத்தது 'இந்தியா' என்று. ஒரு நாட்டையே கூப்பிடுவதுபோல இருக்கும்.

துறைமுகம்

முதல் நாள் அவர்களுடைய விடுதிக்குப் போனேன். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மரப்பலகைக் கொட்டகைகள். நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. பெஷீர் என்கிற இளைஞன் எழுந்து வந்தான். துனிஸ் நகரத்தில் பள்ளி இறுதிவரை படித்தவன், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறவன். "நீங்க எந்த அரசாங்கத்து ஆளு?" என்று கேட்டான். எந்த அரசாங்கத்து ஆளும் இல்லை, புதுச்சேரி என்று சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்றான். இந்தியாவில், அங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள் என்றேன். உடனே நாற்காலி வந்தது, புதினா போட்ட டீ வந்தது.

"எப்படிப் போனாங்க?" என்றான் பெஷீர். எங்கள் பிரதிநிதிகள் ஒரு கிராமத்தில் கூடி ஓட்டுப் போட்டார்கள், பிறகு போய்விட்டார்கள் என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர்கள் கதை அப்படி இல்லை. ஐம்பத்தாறில் விடுதலை கிடைத்தது. ஆனால் பிஸெர்த் என்ற துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படை அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைக் கிளப்ப இன்னும் சில வருடமும் ஒரு சண்டையும் பல உயிர்களும் தேவைப்பட்டன. மூலையில் ஒருவர் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், பெயர் மொக்தார். கடற்கரைப் பக்கத்து விவசாயி. தலை நிமிராமலே அவர் கேட்டார்: "போனாங்க, சரி. துறைமுகத்தையும் விட்டுட்டா போனாங்க?"

மியூனிக்கின் வளர்ச்சி

அந்த வருடங்களில் ரமலான் குளிர்காலத்தில் வந்தது. மேஸ்திரி பிரான்ட்னருக்கு அது பிடிக்கவில்லை. பெரிய உடம்பு, சின்னக் குரல். சாப்பிடாத ஆள் மண் தோண்டும் இயந்திரத்தில் கையை விட்டுவிடுவான் என்பது அவர் பயம். பயம் நியாயமானதுதான். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு செய்தியைக் கேள்விப்பட்டு வந்தார். துனிசிய ஜனாதிபதியே ரமலானில் பகல் வேளையில், கூட்டத்தின் முன்னால் ஆரஞ்சுச் சாறு குடித்துக் காட்டியவராம். வறுமையை எதிர்த்து நாடு நடத்துவதும் புனிதப் போர்தான், போரில் இருக்கும் வீரனுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, ஆகவே தொழிலாளி சாப்பிடலாம் என்று சொன்னவராம். "இதைச் சொல்லு அவங்ககிட்ட. நான் சொல்லல, அவங்க ஜனாதிபதி சொல்றார்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதைதான். பெஷீர் ஆமாம் என்று தலையாட்டினான். அவனுக்கு ஜனாதிபதி என்றால் உயிர். பள்ளிக்கூடம் கட்டியவர், முல்லாக்களை வாயடைக்க வைத்தவர் என்பான். ஆனால் அவனும் அன்று நோன்பில்தான் இருந்தான். மொக்தார் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தே பேசினார், அவருக்குப் புரியும் என்பதுபோல. "அவர் சொன்னது வளராத நாட்டுக்கு. நான் தோண்டுறது மியூனிக்குக்கு. மியூனிக் வளராத ஊருன்னு மேஸ்திரியை எழுதித் தரச் சொல்லு, இப்பவே சாப்பிடறேன்."

பிரான்ட்னர் எழுதித் தரவில்லை. சுரங்கத்துக்குள் சூரியன் இல்லை, மேலே மியூனிக்கிலும் வாரக்கணக்கில் சூரியனைக் காண முடியாது, நோன்பு திறக்கும் நேரத்தை எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பஞ்சாங்கம் பார்த்து, கடிகாரம் பார்த்து என்றேன். மறுநாளிலிருந்து அந்தி வேளையில் சுரங்க வாயிலிலிருந்த எச்சரிக்கை மணி ஒரு தடவை அடித்தது. அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் நான் நன்றி சொல்லப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "எங்க துறவிகளும் தவக்காலத்துல பட்டினிதான் கிடந்தாங்க. ஆனா பீரைக் கெட்டியாக் காய்ச்சிக்கிட்டாங்க. இவங்களுக்கு அந்த யோசனை வரல பாரு."

இரண்டாவது பெண்டாட்டி

அலுவலகத்தில் ஆட்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் லெஹ்னர் அம்மாள். கண்டிப்பானவர், ஆனால் மேசை இழுப்பறையில் எல்லோருக்கும் மிட்டாய் வைத்திருப்பார். மொக்தாரின் குடும்ப விவரத்தை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு, "மனைவின்னா எந்த மனைவின்னு கேளுங்க. பின்னால குழப்பம் வரக் கூடாது" என்றார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கூட வந்திருந்த பெஷீருக்கு முகம் சிவந்துவிட்டது.

எங்கள் நாட்டில் இரண்டாவது கல்யாணம் பண்ணினால் ஜெயில் என்றான். விடுதலை வாங்கிய அதே வருடம் அந்தச் சட்டம் வந்தது என்றான். மூன்று முறை தலாக் சொல்லி அனுப்பவும் முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், புருஷனும் கேட்கலாம், பெண்டாட்டியும் கேட்கலாம், யார் கேட்டாலும் கோர்ட் கொடுக்கும். லெஹ்னர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெண்டாட்டி கேட்டாலுமா? புருஷன் சம்மதிக்கலைன்னாலுமா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது: அவர் கணவரைப் பிரிந்து வெகு காலம் ஆகியிருந்தது. கணவர் சம்மதிக்கவில்லை. அந்நாளைய ஜெர்மன் சட்டத்தில் அவருக்கு வழி கிடைக்கவில்லை.

பிறகு அவர் மிட்டாயை எடுத்து நீட்டிக்கொண்டே சிரித்தார். "உங்க ஜனாதிபதி இங்க பவேரியாவுல தேர்தல்ல நிற்பாரான்னு கேளுங்க. என் ஓட்டு அவருக்குத்தான்." பெஷீர் பெருமையில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். மொக்தார்தான் மிட்டாயைப் பிரித்தபடி சொன்னார்: "தாராளமா நிற்பார். எதிர்ல வேற யாரும் நிற்கக் கூடாது, அதுக்கு மட்டும் இவங்க சம்மதமான்னு கேளு."

ஹீட்டருக்கு மேலே

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு ஒரு கனவான் வந்தார். கோட்டு, தொப்பி, வாசனைத் தைலம். வெளிநாட்டில் வேலை செய்யும் துனிசியர்களுக்கான நட்புச் சங்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். நட்புச் சங்கத்துக்காரர்கள் யார் எதைப் பேசுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்கே வருவார்கள் என்று தொழிலாளர்கள் நம்பினார்கள். ஆகவே அன்று எல்லோரும் பருவநிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அவர் ஜனாதிபதியின் படத்தை மரச்சட்டத்தில் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். பொது அறையில் ஆணி அடிக்க ஒரே இடம்தான் இருந்தது, ஹீட்டருக்கு நேர் மேலே. மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால் ஈரத் துணி உலர்த்தவும் அந்த விடுதியில் அது ஒன்றுதான் இடம். அடுத்த முறை அவர் வந்தபோது ஜனாதிபதியின் மோவாய்க்குக் கீழே ஒரு கயிறும், கயிற்றில் சுரங்கச் சேறு போகாத சட்டைகளும் தொங்கின. கனவான் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், "இது யாருடைய சட்டை?" பெஷீர் கயிற்றை அவிழ்க்க ஓடினான். மொக்தார் எழுந்து, மார்பில் கை வைத்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். "என்னுதுதாங்க. தோட்டத்தையே அவர் பொறுப்புல விட்டுட்டு வந்திருக்கோம், சட்டையை விட மாட்டோமா?"

பாதி

தோட்டம் என்றால் என்ன தோட்டம் என்று மறுநாள் மொக்தாரிடம் கேட்டேன். ஆலிவ் என்கிற ஒலிவ மரத் தோட்டம் என்றார். கிறிஸ்தவனான எனக்கு ஒலிவ மரம் தெரிந்ததெல்லாம் மாதா கோயிலில், வேதாகமத்தில். காயைப் பார்த்ததில்லை, எண்ணெயின் ருசி தெரியாது. அவர் தன் தகர டப்பாவிலிருந்து ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தார். தொண்டையில் மிளகுபோலக் காறியது. "காறினாத்தான் புது எண்ணெய்" என்றார்.

அவர் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் ஒருவருடையது, அவரிடம் மரம் இல்லை. உழைப்பவனிடம் நிலம் இல்லை. நிலத்துக்காரர் வெற்று நிலத்தைக் கொடுப்பார். இவன் கன்று வைத்து, தண்ணீர் சுமந்து, ஆடு மேயாமல் காத்து வளர்ப்பான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். மரம் நன்றாகக் காய்க்கத் தொடங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் வந்து நடுவில் கோடு போடுவார்கள். பாதி நிலமும் பாதி மரமும் நட்டவனுக்கு. மொக்தாரின் அப்பா அப்படி நட்டுப் பாதி வாங்கியவர். பிறகு அறுபதுகளில் அரசாங்கம் எல்லாத் தோட்டத்தையும் கூட்டுறவில் சேர்க்கச் சொன்னது. கோடு அழிந்தது. மொக்தார் தன் மரத்திலேயே நாள் கூலிக்குக் காய் பறித்தார். ஒரு பருவம் அப்படிப் பறித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு, எங்கே போனாலும் கூலிதான் என்றால் கூலி அதிகம் உள்ள இடத்துக்குப் போகலாம் என்று ஜெர்மனிக்குப் பெயர் கொடுத்தார். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்.

நாங்கள் பேசுவதைப் பார்த்து பிரான்ட்னர் என்ன விஷயம் என்றார். சொன்னேன். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அவர் ஊரில் நிலத்தைப் பங்கு போட மாட்டார்கள், முழுவதும் மூத்தவனுக்கே போகும். இளையவரான இவர் வேலை தேடி நகரத்துக்கு வந்தவர். "எங்க ஊர்ல அண்ணன் எடுத்துக்குவான், இவங்க ஊர்ல அரசாங்கம் எடுத்துக்குது. அண்ணனாவது வருஷத்துக்கு ஒரு பன்னி அனுப்புறான்" என்றார். பன்றியை நான் ஆடாக மாற்றிச் சொன்னேன். இது துபாஷிக்கு உள்ள உரிமை. மொக்தார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அரசாங்கம் ஆடு அனுப்பாது. வீட்டுல ஆடு வெச்சிருக்கியான்னு பார்க்க ஆள் அனுப்பும்."

கிறிஸ்துமஸ் பம்பு

அறுபத்தொன்பதாம் வருட இலையுதிர் காலத்தில் ஒரு மாலை. விடுதி வானொலியை துனிசுக்குத் திருப்பி வைத்து எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். கூட்டுறவுத் திட்டம் கைவிடப்பட்டது, பொறுப்பாயிருந்த அமைச்சர் போய்விட்டார், வேண்டியவர்கள் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெஷீர் எனக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தான். "பார்த்தீங்களா அண்ணே, தப்பெல்லாம் அமைச்சருது. ஜனாதிபதிக்குத் தெரியாது, தெரிஞ்சதும் சரி பண்ணிட்டார்" என்றான் மொக்தாரிடம். "நாட்டுல எத்தனை ஒலிவ மரம்னு ஒவ்வொரு பேச்சுலயும் சொல்லுவாரே தம்பி, அது யாரு மரம்னு மட்டும் தெரியாமப் போச்சா?" என்றார் மொக்தார். இருவரும் அன்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மொக்தார் விடுப்புக் கேட்டார். டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டும். அறுவடைக் காலம் அது. கோடு மறுபடி போடப்போகிறார்கள், போடும்போது தன் மரத்தடியில் நிற்காதவனுக்கு மரம் கிடையாது, பக்கத்துக்காரன் தன் பக்கம் தள்ளிக்கொள்வான், ஊரில் அப்படித்தான் நடக்கும் என்றார். பிரான்ட்னர் கையை விரித்தார். வெளிநாட்டு ஆட்களுக்கு விடுப்பு ஆகஸ்டில். டிசம்பர் கடைசியில் ஜெர்மன் ஆட்களில் பெரும்பாலோர் கிறிஸ்துமஸுக்குப் போய்விடுவார்கள், இருக்கிற ஆளையும் விட முடியாது. "ஆகஸ்ட்ல போகட்டுமே" என்றார். "ஆகஸ்ட்ல காய் கல்லு மாதிரி இருக்கும். அவங்க கிறிஸ்துமஸை ஆகஸ்ட்ல வெச்சுக்கச் சொல்லு, நானும் அறுவடையை ஆகஸ்ட்ல வெச்சுக்கறேன்" என்றார் மொக்தார். இதை நான் பாதி குறைத்துத்தான் சொன்னேன். அப்படியும் மேஸ்திரியின் கழுத்து சிவந்தது.

வழி கண்டுபிடித்தவன் பெஷீர்தான். மொக்தாரோடு அவன் இன்னும் பேசத் தொடங்கியிருக்கவில்லை. தனியாக என்னை அழைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனான். மியூனிக்கின் அடியில் எங்கே தோண்டினாலும் தண்ணீர். பம்புகள் இரவும் பகலும் ஓட வேண்டும், நின்றால் சுரங்கம் குளமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சில ஜெர்மன் ஆட்கள் வீட்டுக்குப் போக முடியாமல் பம்பைக் காவல் காப்பார்கள். யார் காப்பது என்பதில் ஒவ்வொரு வருடமும் சண்டை. பெஷீர் சொன்னான்: "பண்டிகை முழுக்க பம்பை நாங்க பார்த்துக்கறோம். உங்க ஆள் ஒருத்தரும் வர வேண்டாம். மொக்தார் அண்ணனை விடுங்க."

பிரான்ட்னர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கொட்டகைச் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அவருக்கும் அந்த வருடம் பம்புக் காவல் முறை இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சம்மதித்தார். ஒரே நிபந்தனை, பம்பு பழுதானால் தொலைபேசியில் பேச ஜெர்மன் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும். அதாவது நான். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே கிறிஸ்தவன் கிறிஸ்துமஸ் திருப்பலிக்குப் போக முடியாமல் போனது இப்படித்தான். மொக்தார் இத்தாலியின் ஜெனோவாவில் கப்பலேறப் புறப்பட்டார். பிரான்ட்னர் ஊருக்குக் கிளம்பும்போது பம்பு அறையில் தலையை நீட்டினார்: "இயேசு பிறந்த நாளைக் காப்பாத்தினது முகமதியருங்கன்னு எங்க பாதிரியார்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அப்ரிகாட்

மொக்தார் பிப்ரவரியில் திரும்பி வந்தார். கோடு போட்டார்களா என்றேன். போட்டார்கள். மரத்தடியில் நின்றீர்களா? நின்றேன். அப்புறம் என்ன, முகம் ஏன் இப்படி? கூட்டுறவுக்காரர்கள் நடுவில் ஒரு திட்டத்தில் பழைய ஒலிவ மரங்களில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு அப்ரிகாட் நட்டிருக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அப்ரிகாட் ஆகாது. எல்லாம் குச்சியாக நிற்கிறதாம். நிலம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது, மரம்தான் பாதி. பிடுங்கிய இடத்தில் மறுபடி ஒலிவங்கன்று வைத்துவிட்டு வந்திருக்கிறார். காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தண்ணீருக்கும் வேலிக்கும் மியூனிக்தான் படியளக்க வேண்டும்.

பெஷீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், அந்த மரங்களை அவனே பிடுங்கியதுபோல. மொக்தார் எண்ணெய் டப்பாவை அவன் கையில் கொடுத்தார். இருவரும் அப்போதிருந்துதான் மறுபடி பேசத் தொடங்கினார்கள். "கவலைப்படாதே தம்பி. எங்க அப்பா நிலத்துக்காரனுக்குப் பாதி கொடுத்தார், நான் உன் ஜனாதிபதிக்குப் பாதி கொடுத்தேன். எங்க குடும்பத்துக்குப் பழக்கம்தான்."

கருத்து கிடையாது

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே ஏற்பாடு. டிசம்பரில் மொக்தார் மரத்துக்கு, ஜெர்மானியர் கிறிஸ்துமஸுக்கு, மற்றவர்கள் பம்புக்கு. ரயில் ஓடத் தொடங்கியது, அடுத்த பாதை தோண்டத் தொடங்கினார்கள். நான் படிப்பை முடித்து, மியூனிக்குக்கு வெளியே கார்ஹிங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ஆனாலும் சிக்கலான பேச்சு என்றால் அழைப்பார்கள், பஸ் பிடித்து வருவேன்.

எழுபத்துமூன்றின் இறுதியில் ஜெர்மனி வெளியிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தியது. எண்ணெய் நெருக்கடி. ஒலிவ எண்ணெய் இல்லை, மற்றது. மொக்தாரின் அனுமதி ஜனவரியில் முடிகிறது. புதுப்பிக்க அவர் இங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் அறுவடை பாதியில் நிற்கும். நான் அவரோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட அதிகாரி, கெட்டவர் இல்லை, விதியைத் தெளிவாக மூன்று விதமாகச் சொன்னார். போகலாம். ஆனால் அனுமதி முடிந்த பிறகு திரும்பி வர முடியாது. இனி யாரையும் புதிதாக எடுப்பதில்லை. மரங்களுக்கு இன்னும் ஆறேழு வருடம் வேண்டும். இங்கே இருந்தால் தண்ணீருக்குக் கூலி உண்டு, மரத்தைப் பார்க்க அவர் இல்லை. அங்கே போனால் அவர் உண்டு, கூலி இல்லை. மனைவி தனியாகத் தண்ணீர் சுமந்து கை வீங்கிப்போயிருந்தாள் என்று வழியில் சொல்லியிருந்தார்.

அவர் அதிகாரியை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ என்ன சொல்றே, இந்தியா?" இத்தனை வருடத்தில் முதல் முறையாக என்னைக் கேட்கிறார். துபாஷிக்குக் கருத்து கிடையாது அண்ணே, இருந்தால் இரண்டு பக்கமும் நம்ப மாட்டார்கள் என்றேன். என்ன கேட்கிறார் என்று அதிகாரி கேட்டார். நேரம் கேட்கிறார் என்றேன். மொக்தார் மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார், நான் வார்த்தை மாறாமல் சொன்னேன்: "நான் வரலைன்னு மரம் கோவிச்சுக்காது. காயைக் கீழே போட்டுட்டுச் சும்மா இருக்கும். அதைத்தான் என்னால பார்க்க முடியல. நான் போறேன்."

விடுப்பு இல்லை

எழுபத்தைந்தில் துனிசியாவில் ஜனாதிபதியை ஆயுட்கால ஜனாதிபதியாக ஆக்கினார்கள். விடுதியில் படம் அதே ஆணியில், ஹீட்டர் சூட்டில் பழுப்பேறி, தொங்கியது. பெஷீர் அதைத் துடைக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. அந்தக் கோடையில் அவன் ஊருக்குப் போய் வந்தான். அனுமதி இருந்தவர்கள் போய் வர முடிந்தது. வழியில் மொக்தாரைப் பார்த்திருக்கிறான். மனிதர் இளைத்துப் போயிருந்தாராம். ஆனால் புதுக் கன்றுகள் ஆள் உயரம் வந்துவிட்டன. ஒன்றிரண்டு, அவசரப்பட்டு, பூத்தும் இருந்தனவாம். மியூனிக் கூலி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்றேன். நிலம் இல்லாத ஒருவனுக்குப் பிடுங்கிய இடத்தில் பாதியைப் பழைய வழக்கப்படி விட்டிருக்கிறாராம். இவர் வைத்த கன்றுக்கு அவன் தண்ணீர் சுமக்கிறான், காய்த்த பிறகு அந்தப் பாதி அவனுக்கு. கோடு மறுபடியும் நடுவில்தான்.

பெஷீர் எனக்கு ஒரு தகர டப்பா எண்ணெய் கொண்டுவந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பிரான்ட்னருக்கு ஒரு டப்பா. அதோடு மொக்தாரின் வாய்ச் செய்தி ஒன்று. இருவரும் ரயிலேறி அவர் கிராமத்துக்குப் போனோம். அண்ணன் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் அவர் தனியாக இருந்தார். எண்ணெயை மோந்து பார்த்தார். பெஷீருக்கு இப்போது ஜெர்மன் நன்றாகவே வரும், ஆனாலும் செய்தியைப் பிரெஞ்சில் என்னிடம் சொல்லி, என் வாயால்தான் சொல்ல வைத்தான். அதுதான் முறை என்றான். நான் எழுந்து நின்று சொன்னேன்: "டிசம்பர்ல பறிக்க ஆள் போதலை. மேஸ்திரியை வரச் சொல்லு, சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் விடுப்பு கேட்கக் கூடாது."

பிரான்ட்னர் அந்த டிசம்பரில் போனார், என்னைக் கேட்காமல், துபாஷி இல்லாமல்; இத்தனை வருடம் நான் நடுவில் நின்றதன் பயன், கடைசியில் நான் தேவைப்படாமல் போனதுதான்.